மஞ்சள் பை வைத்த கை

அத்தியாயம் 6

பிணம் எங்கே என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆய்வகத்தின் மூலையில், சின்ன ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி விளக்கெல்லாம் அணைந்து நின்றது. ஆர்க்கிட் கன்றுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து, குளிரையும் வெளிச்சத்தையும் அளந்து கொடுத்து வளர்க்கும் பெட்டி. சனிக்கிழமை வரை நன்றாக ஓடியது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மூச்சில்லை. உள்ளே இருந்த கன்றுகளில் பாதி அவித்த கீரையாகிவிட்டன.

ஆனால் யாரும் கன்றுகளைப் பார்க்கவில்லை. பெட்டியின் தலைமேல் படுத்திருந்த மஞ்சள் பையைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் தைவானில் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் பச்சைப் பை ஒன்று இருக்கும். தேங்காய்ப்பால் மணக்கும் சோளப்பொரி. அந்தப் பொரியின் பெயருக்கே ‘சமர்த்தாக இரு’ என்று பொருள். பச்சை இருந்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும். அஞ்சு மசாலா மணக்கும் மஞ்சள் பை வைத்தால் மக்கர் பண்ணும். பை தேதி தாண்டக் கூடாது, அதை யாரும் தின்னக் கூடாது. வங்கி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். சரி, எடுத்துவிடட்டுமா என்று கேட்டால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

“அக்கா, கொலைக்கருவி அஞ்சு மசாலா வாசனைல இருக்கு,” என்றேன்.

“வாயை மூடுடா,” என்றாள் யுன் அக்கா.

லியாவ் பீ-யுன், எனக்கு யுன் அக்கா, தைனான் நகரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். பாதி ஆயுள், பிறர் புருஷன்மாரை ஹோட்டல் வாசலில் படம் பிடிப்பதிலேயே கழிந்தது. வாயில் எப்போதும் ஒரு உப்புப் பிளம் ஊறிக்கொண்டிருக்கும். என் பெயர் ஆ-தே. ஸ்கூட்டர் ஓட்டுவது, குடை பிடிப்பது, அக்கா யோசிக்கும்போது பேசாமல் இருப்பது ஆகியவை என் வேலைகள். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

எங்கள் கட்சிக்காரி சூ-ஹான். மூன்றாம் ஆண்டு மாணவி. பல்கலைக்கழகத்துப் பின் தெருவில் அவள் அம்மா பால்கெண்டை மீன் கஞ்சிக் கடை வைத்திருக்கிறாள். அக்காவின் காலைக் கஞ்சி தினமும் அங்கேதான். நேற்றைக் கஞ்சியில் உப்பு கரித்தது. என்ன விஷயம் என்று அக்கா கேட்க, அந்த அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பச்சைப் பையைப் பார்த்துக்கொள்வது சூ-ஹானின் பொறுப்பு. பச்சை போய் மஞ்சள் வந்ததும், பெட்டி செத்ததும் அவள் தலையில் விழுந்துவிட்டன. இன்று மாலை ஆய்வகக் கூட்டத்தில் அவள் பெயரை அடித்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். அடித்தால் அடித்ததுதான். எங்கள் ஊர் ஆர்க்கிட்காரர்கள் எல்லோரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகிறவர்கள். இந்த வாசலை விட்டு வெளியே தள்ளிய பெண்ணை வேறு எவனும் உள்ளே விட மாட்டான். அந்தப் பெண்ணுக்கோ பூவைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. தூசி போன்ற விதையிலிருந்து அவளே முளைக்க வைத்த கன்றுகளும் அந்தப் பெட்டியின் அடித்தட்டில்தான் இருந்தன.

துப்பறிகிறவர்கள் என்று சொன்னால் உள்ளே விடுவார்களா? அதனால் சொந்தக்காரர்களாக வந்தோம். அக்காவைச் சித்தி என்று சூ-ஹான் அறிமுகப்படுத்தினாள். என்னைப் பார்த்து ஒரு கணம் தடுமாறி, சித்தப்பா என்றாள். எனக்கும் அக்காவுக்கும் இருபது வயது வித்தியாசம். பேராசிரியர் பெங் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பெருமையோடு அக்காவின் தோளில் கை வைத்தேன். அக்கா சிரித்த முகத்தோடு என் காலை மிதித்தாள்.

பெங் ஒடிசலான மனிதர். ஐம்பது தாண்டியிருக்கும். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். மனைவி அவரைக் கடும் பத்தியத்தில் வைத்திருக்கிறாள் என்று சூ-ஹான் வழியிலேயே சொல்லியிருந்தாள். நாங்கள் கொண்டுபோன கொய்யாப்பழப் பெட்டியை அவர் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று முறை தள்ளி, நான்காவது முறை வாங்கி மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். இளநிலை மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்று தலைப்பு. ஆய்வகத்துக்குள் எதையும் தின்னாதே. கேட்காமல் எதையும் மாற்றாதே. தவறு செய்தால் மற்றவர் கண்டுபிடிக்குமுன் நீயே சொல்.

“மூணாவதுதான் முக்கியம்,” என்றார் பெங். “பை போனது போகட்டும். நான் விஞ்ஞானி, எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ஆனா செஞ்சதை ஒத்துக்கணும்ல?”

“நான் பச்சைதான் சார் வச்சேன்,” என்றாள் சூ-ஹான். எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாளோ.

தாளில் எழுதியது கொஞ்சம்தான். எழுதாதது நிறைய என்று கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துகொண்டேன். மூத்தவர்களுக்கு முன்பே வந்து கதவைத் திறக்க வேண்டும். குப்பை லாரி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓட வேண்டும். யாருடைய தேநீருக்குச் சர்க்கரை பாதி, யாருக்கு ஐஸ் கம்மி என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சியை எந்த நேரத்தில் செய்வது என்று கேட்டேன். மிச்ச நேரத்தில் என்றாள் சூ-ஹான்.

பெயர் அடிபடப் போகிற நாளிலும் வேலை நிற்கவில்லை. மொட்டை மாடிக் கண்ணாடிக் குடிலில் புதிதாகப் பூத்தவற்றைப் பார்க்கும் நேரம் வந்தது. அந்தக் காட்சியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பெங் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நடுவில் நின்றார். சூ-ஹான் ஒவ்வொரு செடியாகப் போய் நிறத்தை உரக்கச் சொன்னாள். ஊதா, ஓரம் வெள்ளை. மஞ்சள், உதட்டிதழ் சிவப்பு. இளம்பச்சை, புள்ளி பழுப்பு. வெய்-லுன் என்ற முனைவர் பட்ட மாணவன் எழுதிக்கொண்டே வந்தான். இதே ஆய்வகத்தில் இளநிலை மாணவனாக நுழைந்து, வெளியே போகிற வழியை மறந்துவிட்டவன்.

“மீன் ஏலம் மாதிரி இருக்கு,” என்று அக்கா காதில் சொன்னேன்.

பெங்குக்குக் காது கூர்மை. தான் பார்த்துவிட்டால் மாணவர்கள் பார்க்க மாட்டார்கள், கண்ணைப் பழக்குவதுதான் முதல் பாடம், இருபது வருடமாக இதுதான் இந்த ஆய்வகத்தின் வழக்கம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். எனக்கே கைதட்டத் தோன்றியது. இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நானும் உருப்பட்டிருப்பேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பிளம் கொட்டையைக் கன்னம் மாற்றினாள்.

அந்த அறைக்கு மூன்று பேரிடம்தான் சாவி உண்டு. பெங், வெய்-லுன், சூ-ஹான். பெங் விதியை எழுதியவர், சூ-ஹான் எங்கள் கட்சிக்காரி, ஆகவே குற்றவாளி வெய்-லுன் என்று நான் கணக்கை முடித்துவிட்டேன். அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பசி எடுத்தால் என்ன செய்வாய் என்று மட்டும்தான் கேட்டாள். பையனுக்கு வியர்த்துவிட்டது.

“போன மாசம் ஒரு தடவை தின்னுட்டேன் ஆன்ட்டி,” என்றான். “பெட்டி மேல இருந்தது இல்லை. டிராயர்ல இருந்தது. மறுநாளே வேற பச்சை வாங்கி வச்சுட்டேன். கோயிலுக்குப் போய் ஊதுபத்தியும் கொளுத்தினேன்.”

“எந்த டிராயர்?”

அவன் திறந்து காட்டினான். நெகிழிக் கையுறைகளுக்கு அடியில் பச்சைப் பைகள் அடுக்கியிருந்தன. பரீட்சை நேரத்தில் கடையில் பச்சை தீர்ந்துபோகும் என்று சூ-ஹான் முன்கூட்டியே வாங்கி வைத்தவை. ஊர் முழுக்க இயந்திரம் இருக்கிறதே, எல்லோருக்கும் பயம் இருக்காதா?

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் திரும்பினாள்.

“டிராயர்ல பச்சை இருக்குன்னு தெரிஞ்சவன் கடைக்குப் போய் மஞ்சள் வாங்குவானாடா?”

“அந்தப் பொண்ணை மாட்டிவிடணும்னா வாங்குவான்.”

“மாட்டிவிட மஞ்சள் எதுக்கு? பச்சையை எடுத்துட்டுப் போனாலே போதும். எடுத்த இடத்துல இன்னொண்ணு வைக்கிறவன் மாட்டிவிடுறவன் இல்லை. மறைக்கிறவன்.”

“மறைக்கிறவன் அதே நிறத்துல வைக்க மாட்டானா அக்கா?”

சின்னப் பிள்ளை முதல் தடவையாகச் செருப்பைக் கால் மாற்றாமல் போட்டுக்கொண்டதைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பல்கலைக்கழக வாசலில் எப்போதும் திறந்திருக்கும் கடை ஒன்று உண்டு. தேநீரில் வெந்த முட்டை, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மழைக்கோட்டு, வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும். பொரிப் பைகள் வாசலுக்கு நேரே இருந்தன. பச்சை ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை. ஒரே அச்சு, ஒரே படம், நிறம்தான் வேறு. வாசனையின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான், பச்சை நிறைய இருந்தது என்றாள் கல்லாவில் இருந்த பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவள். யாரையும் தெரியாது.

“அன்னிக்கு மஞ்சள் யாராவது வாங்கினாங்களா?” என்று கேட்டாள் அக்கா.

ஒரே ஒருவர் என்றாள் அவள். பச்சை வரிசைக்கும் மஞ்சள் வரிசைக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாராம். முகத்தில் மாஸ்க், தலையில் ஹெல்மெட். தைனானில் பாதிப் பேர் அப்படித்தான் கடைக்குப் போவார்கள், இதில் துப்பு ஒன்றும் இல்லை என்று நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தேன். அப்போது அவளே ஒன்று சேர்த்துச் சொன்னாள். அந்த ஆள் வாழைப்பழக் கூடைக்கு முன்னாலும் நின்றாராம். ஒன்றை எடுத்து நீட்டி, இது பழுத்ததா காயா என்று கேட்டாராம். நல்ல பச்சைக் காய்.

“வாழைக்காயைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆம்பளை,” என்றேன். “பொண்டாட்டி உரிச்சு வாயில வைப்பா போல.”

அக்கா சிரிக்கவில்லை. பிளம் கொட்டையைக் காகிதத்தில் துப்பி மடித்தாள். ஒரு வழக்கு முடிந்தால்தான் அவள் கொட்டையைத் துப்புவாள், நடுவில் துப்பி நான் பார்த்ததில்லை. நேரே போய் ஒரு பொரிப் பை எடுத்தாள். எந்த நிறம் என்று நான் பார்த்துவிட்டேன்.

“அக்கா, இதை அங்கே கொண்டுபோனா நம்மளையும் சேர்த்து வெளியே தள்ளுவாங்க.”

“தள்ளட்டும். நீ மட்டும் வாயைத் திறந்தே, நாளையிலேர்ந்து நீ நிஜமாவே சித்தப்பா. சொந்தக்காரனுக்கு எவ சம்பளம் கொடுப்பா?”

மிரட்டல் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் திரும்பியபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் மஞ்சள் பையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, தூசி தட்டி, பொத்தானை அழுத்தினாராம், ஓடிவிட்டதாம். உள்ளே ஒரு கோளாறும் இல்லை, சூடு தாங்காமல் தானே நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மஞ்சளை எடுத்ததும் ஓடியது பார்த்தீர்களா என்று வெய்-லுன் மெய்சிலிர்த்தான்.

கூட்டம் ஆரம்பித்தது. பெட்டி இருந்த அறையிலேயே நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். சூ-ஹான் கடைசியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் அடையாள அட்டையைக் கழற்றி முன்கூட்டியே மேஜைமேல் வைத்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குற்றம் செய்யாத பிள்ளை, கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

பெங் தொண்டையைச் செருமினார். அதற்குள் அக்கா எழுந்து குனிந்து வணங்கினாள். முடிவு எதுவானாலும் சரி, குடும்பத்தின் சார்பில் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டும், நல்ல பச்சையாகப் பார்த்துப் புதிதாக ஒரு பை வாங்கி வந்திருக்கிறோம், பேராசிரியர் தம் கையாலேயே வைத்தால் எங்கள் மனம் ஆறும் என்றாள். குரலில் தேனும் கண்ணீரும் சரிபாதி. நான் அந்தக் குரலை ஹோட்டல் வரவேற்பறைகளில் கேட்டிருக்கிறேன். அறை எண்ணைச் சொல்லாத ஆள் கிடையாது.

கைப்பையைத் திறந்து, இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினாள். பையின் முன்புறம் வெள்ளைத் தாள் ஒட்டி, ‘சமர்த்தாக ஓடு’ என்று எழுதியிருந்தது. பொடி எழுத்தெல்லாம் அந்தத் தாளுக்கு அடியில். மற்றபடி பை பளபளவென்று, பூசணிப்பூ மாதிரி, அசல் மஞ்சள்.

வெய்-லுன் விக்கினான். சூ-ஹான் தலையைத் தூக்கி, அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பெங் எழுந்து வந்தார். பையைப் பயபக்தியோடு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“சூ-ஹான், நல்லாப் பாத்துக்கோ,” என்றார். “பச்சைன்னா இப்படி இருக்கணும்.”

பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பெங் பையைப் பெட்டியின் தலைமேல் அழகாகப் படுக்க வைத்து, மூன்று முறை வணங்கினார். விஞ்ஞானி, நம்பிக்கை இல்லாதவர், மூன்று முறை.

வெய்-லுனுக்குத் தாங்கவில்லை. பாய்ந்து போய்ப் பையை எடுத்து முன் விளிம்பில் நிமிர்த்தி வைத்தான்.

“ஏன் தம்பி நிமிர்த்தினே?” என்று கேட்டாள் அக்கா.

“படுக்க வைக்கக் கூடாது ஆன்ட்டி. முன்னால நிமிர்ந்து நிக்கணும். இங்க சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. படுக்க வச்சா அது மரியாதை இல்லையாம்.”

“மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. அங்கே பாரு, அது சூடு வெளியே போற ஓட்டை.” அக்கா பெட்டியின் தலையிலிருந்த கம்பி வலையைக் காட்டினாள். “இங்க பை வச்சுப் பழகினவங்க யாரும் அதை மூட மாட்டாங்க. பை வைக்கிற வேலையே செய்யாத ஒருத்தர்தான் மூடுவாரு. டிராயர்ல வேற பச்சை இருக்குன்னும் அவருக்குத் தெரியாது. கடைக்குப் போவாரு. ஏன் சார், ஞாயித்துக்கிழமை கடைல எடுத்துப் பாத்த வாழைப்பழம் பழமா, காயா?”

பெங் மெதுவாகத் திரும்பி பெட்டிமேல் இருந்த பையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பையில் தெரியாதது எங்கள் முகத்தில் தெரிந்துவிட்டது.

“இது பச்சை இல்லையா?” என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

“மஞ்சள் சார்,” என்றாள் சூ-ஹான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்லச் சொல்ல எல்லாம் வந்தது. சின்ன வயதிலிருந்தே பச்சையும் மஞ்சளும் அவருக்கு ஒன்றுதான், இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். ஆர்க்கிட் பேராசிரியருக்கு நிறம் தெரியாது என்றால் ஊர் சிரிக்கும் என்று பயந்து, நிறம் சொல்லும் வேலையை மாணவர்களுக்குப் பாடம் என்று ஆக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேகவைத்த முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு, பசி பொறுக்காமல் இங்கே வந்து பச்சைப் பையைத் தின்றார். தின்ற பிறகு பயம் வந்து, கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வைத்தார். திங்கட்கிழமை வெய்-லுன் மஞ்சள் என்று அலறியபோதுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்குக் கோபமாக வந்தது. நிறம் தெரியாதது அவர் குற்றமில்லை, பசித்ததும் குற்றமில்லை. தெரிந்த பிறகு இரண்டு நாள் அந்தப் பெண்ணை அழ விட்டாரே, அதுதான். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சித்தப்பாவுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

“தப்புதான்,” என்றார் பெங். ஆனால் எழுந்து அட்டையை எடுத்து அவளிடம் கொடுக்கவில்லை. இந்தப் பெண் இங்கேயே இருந்தால் தினமும் அவள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற வெட்கம் அவர் கண்ணில் தெரிந்தது. நாளைக்குப் பேசலாம் என்று முனகினார். பெரிய மனிதர்களின் நாளை எங்கே போய் முடியும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது வெய்-லுன் கையைத் தூக்கினான்.

“சார், எல்லாரும் ஒத்துக்கற நாளா இருக்கு, நானும் ஒண்ணு சொல்லிடறேன். நான் இளநிலைல இருக்கும்போது நிறம் சொன்னேன்ல. ஒரு நாள் ராத்திரிச் சந்தைல சுத்திட்டு வந்து ஒரே தூக்கம். கடைசி வரிசைக்கு நான் போகவே இல்லை. நின்ன இடத்துலேர்ந்தே வெள்ளை, வெள்ளைன்னு சொல்லிட்டேன்.”

“கடைசி வரிசை எது?”

“நம்ம யுவே-ஷியா, சார்.”

பெங் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. யுவே-ஷியா அவர் மனைவியின் பெயர். அவர் உருவாக்கிய தூய வெள்ளை ஆர்க்கிட்டுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். பதக்கம் வாங்கிய பூ. அலுவலக வாசலில் அதன் தொட்டி எப்போதும் இருக்கும். பெயர் சூட்டு விழாவில் அந்த அம்மாள், இது வெள்ளை மாதிரி இல்லையே என்றாளாம். கண்ணைப் போய்ச் சோதித்துக்கொள் என்று எல்லோர் முன்னாலும் இவர் சொன்னாராம். அதற்குப் பிறகு அவள் ஆய்வகப் பக்கம் வந்ததே இல்லை, அந்தப் பூவின் நிறத்தைப் பற்றி வேறு யாரும் வாயைத் திறந்ததும் இல்லை. பத்தியம் ஆரம்பித்ததும் அந்த வாரம்தான் என்று வெய்-லுன் பின்னால் எனக்குச் சொன்னான்.

பெங் தாமே போய் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சூ-ஹானின் முன்னால் வைத்தார்.

“இது என்ன நிறம்?” என்றார்.

கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பாடம் நடத்தும் குரலும் இல்லை. வெள்ளை என்று சொல்லேன் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. ஒரு வார்த்தை போதும், பதக்கம் பிழைக்கும், அவர் மானம் பிழைக்கும், அவளுடைய அட்டையும் கழுத்துக்குத் திரும்பும். வாசலில் கஞ்சிக்கார அம்மாள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றுகொண்டிருந்தாள். நான் மட்டும் அந்தப் பெண்ணாக இருந்திருந்தால் பால் வெள்ளை என்று சத்தியம் செய்திருப்பேன்.

சூ-ஹான் பூவைத் திருப்பித் திருப்பி, அவசரமில்லாமல் பார்த்தாள்.

“இளஞ்சிவப்பு சார். நடுவுல கொஞ்சம் அழுத்தமா இருக்கு. நல்ல அழகான நிறம்.”

பெங் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பார்த்தாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. கடைசியில் மேஜைமேல் கிடந்த அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“திருத்தம் வெளியிடணும்,” என்றார். “நிறத்தைப் பாத்துச் சொன்னது யாருன்னு அதுல உன் பேரைப் போட்டு எழுதறேன். நாளைக்குக் காலைல வந்துடு. இன்னும் எத்தனை பூவை இந்தத் தூங்குமூஞ்சி வெள்ளையாக்கியிருக்கானோ, எல்லாத்தையும் நீ மறுபடி பாக்கணும்.”

அவள் அட்டையை மாட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். வாசலில் அவள் அம்மாவும் அழுதாள். அக்கா புதிய பிளம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெங் கைப்பேசியை எடுத்து, எண்ணை அழுத்தி, அது அடிக்க ஆரம்பித்ததும் சூ-ஹானிடம் நீட்டினார். “என் வீட்டுக்காரி. பூ இளஞ்சிவப்புன்னு நீயே அவகிட்ட சொல்லிடேன்.”

சூ-ஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பேசியை இரண்டு கைகளாலும் மரியாதையாக வாங்கி, அதே மரியாதையோடு அவர் காதில் வைத்தாள்.

“இதை நீங்கதான் சார் சொல்லணும்.”

அவர் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மாள் சிரிக்கத் தொடங்கியது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நாங்கள் நாற்காலிகளை மடித்து, கொய்யாப்பழத்தை வெட்டி, அத்தனை பேரும் அந்த ஆய்வகத்துக்குள்ளேயே நின்று தின்று முடிக்கும் வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.